இருபத்துநாலு துளைகள்

வெள்ளிக்கிழமை எங்கள் ஆய்வகத்தில் இருப்புச் சரிபார்ப்பு. உடைந்ததையும் துருப்பிடித்ததையும் ஒரு மூலையில் குவித்து, கழித்துவிட வேண்டிய பொருள்கள் என்று பட்டியல் போட்டுக்கொண்டிருந்தோம். குவியலின் அடியிலிருந்து ஆய்வக உதவியாளர் ஒரு நீளமான இரும்புப் பட்டையை உருவினார். "இதையும் எழுதிக்கலாமுங்களா மேடம்?" என்று கேட்டார். ஒரு மீட்டர் நீளம், வரிசையாகத் துளைகள், ஒவ்வொரு துளைக்கும் பக்கத்தில் வெள்ளைப் பெயின்ட்டில் எண். பாதி எண்கள் உரிந்துபோயிருந்தன. கடைசி எண் மட்டும் அப்படியே இருந்தது. இருபத்துநாலு. துருவும் மெஷின் எண்ணெயும் கலந்த வாடை மூக்கில் ஏறியதும் நான் அருகிலிருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். பக்கத்தில் நின்ற ஆசிரியை, காலையில் சாப்பிடவில்லையா என்று கேட்டார்.

நீ உயிரோடு இருந்திருந்தால் அப்போதே உனக்குப் போன் செய்திருப்பேன். நீ எடுத்தவுடன் உன் வழக்கமான கேள்வியைக் கேட்டிருப்பாய். இருபது வருடமாக ஹலோவுக்குப் பதிலாக நீ கேட்ட கேள்வி: "என்ன அம்மணி, எண்ணுனியா?" நான் சிரித்து வைப்பேன். உடனே பேச்சை மாற்றிவிடுவேன். நீ கேலி செய்கிறாயா, கணக்குத் தீர்க்கிறாயா என்று எனக்குக் கடைசி வரை தெரியவில்லை.

முதலாண்டு இயற்பியலில் நம் இருவருக்கும் ஒரே பெஞ்ச். நான் தறிகள் ஓடும் சோமனூரிலிருந்து வருவேன், நீ மதுக்கரையிலிருந்து. நோட்டைத் திறக்குமுன் புறங்கையால் ஒரு தரம் துடைப்பாய். சிமென்ட் தூசி படியும் ஊரில் வளர்ந்த பழக்கம், தூசி இல்லாத நாளிலும் கை தானாகப் போகும். மெக்கானிக்ஸ் எனக்கு மனப்பாடம், உனக்கு விளையாட்டு. நியூட்டனின் முதல் விதியை நடத்திய அன்று காந்திபுரம் பஸ்ஸில் கம்பியைப் பிடிக்காமல் நின்றாய். "இப்ப பிரேக் போடுவாரு, நான் முன்னால சாய்வேன் பாரு" என்றாய். சொன்னபடியே ஒரு அம்மாவின் பூக்கூடையில் போய் விழுந்தாய். அந்த அம்மா உன்னைத் திட்டத் திட்ட, விதி சரிதான் என்று என்னிடம் சைகை காட்டினாய்.

ஆய்வகத்தில் அப்போது ஒரு வழக்கம் இருந்தது. இப்போதும் இல்லை என்று சொல்ல மாட்டேன். சீனியரின் ரெக்கார்டு நோட்டை வாங்கி, அதிலிருக்கும் அளவீடுகளை அப்படியே நெட்டுருப் போடுவோம். கூட்டு ஊசல் என்றால், இப்படியொரு பட்டையை ஒவ்வொரு துளையாகக் கத்திமுனை போன்ற தாங்கியில் தொங்கவிட்டு ஆட்ட வேண்டும். இருபது முறை ஆட எவ்வளவு நேரம் ஆகிறது என்று குறித்து, கடைசியில் புவியீர்ப்பு முடுக்கத்தைக் கணக்கிட வேண்டும். விடை ஒன்பது புள்ளி எட்டு என்று பள்ளிக்கூடத்திலேயே தெரியும். தெரிந்த விடைக்கு யார் உட்கார்ந்து ஊசலை ஆட்டிக்கொண்டிருப்பார்கள்? ரீடிங்கைச் சமைப்பது என்று அதற்குப் பெயர் வைத்திருந்தோம். நான் நல்ல சமையல்காரி. உனக்குச் சமைக்க வராது. உன் விடை ஒன்பது புள்ளி நாலில் வந்து நிற்கும், சார் திட்டுவார். "வந்ததத்தானுங்க சார் எழுத முடியும்" என்பாய். தறிச் சத்தத்திலேயே பிறந்து வளர்ந்தவளுக்கு இருபது ஆட்டம் எண்ண வராதா என்று என்னைக் கேலி செய்வாய்.

செய்முறைத் தேர்வன்று சீட்டுக் குலுக்கியதில் எனக்குக் கூட்டு ஊசல் விழுந்தது. உனக்குப் பக்கத்து மேசை, வேறொரு சோதனை. நான் நெட்டுருப் போட்டதிலேயே கச்சிதமாக வருவது கூட்டு ஊசல்தான் என்பதால் எனக்குத் தலைகால் புரியவில்லை. ஊசலைச் சும்மா ஆட்டிவிட்டு, பார்ப்பவர்களுக்காக ஸ்டாப் கிளாக்கையும் அமுக்கிக்கொண்டு, பேனாவால் அட்டவணையை எழுதி முடித்தேன். பதினெட்டுத் துளைகள், ஐந்து ஐந்து சென்டிமீட்டர் இடைவெளி. விடை ஒன்பது புள்ளி எட்டு ஒன்று.

வெளியூரிலிருந்து வந்திருந்த தேர்வாளர் மேசை மேசையாக வந்துகொண்டிருந்தார். கருவியை ஒரு பார்வை, அட்டவணையை ஒரு பார்வை, பிறகு கையெழுத்து. அவருக்கும் எனக்கும் நடுவே நாலு மேசைகள் இருக்கும்போது, நீ உன் வேலையிலிருந்து தலை நிமிராமல் சொன்னாய்.

"அம்மணி, துளைய எண்ணு."

எண்ணினேன். இருபத்துநாலு. மறுபடி எண்ணினேன். தேர்வுக்காக அந்த வாரம்தான் பழைய பட்டையை எடுத்துவிட்டுப் புதியதை மாட்டியிருக்கிறார்கள். இடைவெளி நாலு சென்டிமீட்டர். நான் அளந்ததாக எழுதியிருந்த பதினெட்டுத் துளைகளில் பதினாலு அந்தப் பட்டையில் கிடையவே கிடையாது. ஒரு பேப்பர் போனாலும் படித்தது போதும், தறிக்கு வந்துவிடு என்று அப்பா சொல்லியிருந்தார். உன்னிடம் அதைச் சொல்லி நான் அழுதிருக்கிறேன். இப்போது நாலு மேசை மூன்றாகிவிட்டது.

விடைத்தாளில் இடமில்லை. கூடுதல் தாள் கேட்டால் அவரேதான் கொண்டுவந்து தருவார். நீ முன்பே ஒரு தாள் வாங்கி வைத்திருந்தாய். அதை மேசைக்கு அடியில் நீட்டினாய். நான் கையை நீட்டினேன். இருவர் கையும் அந்தத் தாளில் இருக்கும்போது அவர் திரும்பினார்.

யார் அது என்று கேட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். நீ எழுந்து நின்றாய்.

"நானுங்க சார். ஒரு சூத்திரம் மறந்துபோச்சு. எழுதித் தரச் சொல்லி நாந்தானுங்க கேட்டேன்."

அவர் என்னைப் பார்த்து, "அப்படியாம்மா?" என்றார்.

நான் தலையாட்டினேன். அந்தப் பட்டை ஒரு முறை போய்த் திரும்ப ஒன்றரை விநாடி ஆகும். அவ்வளவு நேரம்கூட நான் யோசிக்கவில்லை.

உன் விடைத்தாளைப் பிடுங்கிக்கொண்டு, உன்னைத் துறைத்தலைவர் அறைக்கு அழைத்துப் போனார். வெறுந்தாள் என் மேசையிலேயே கிடந்தது. அவர் திரும்பிவர முக்கால் மணி நேரம் ஆயிற்று. அந்த முக்கால் மணி நேரத்தில், பழைய அட்டவணையைக் கோடு போட்டு அடித்துவிட்டு, வாழ்நாளில் முதல் முறையாக ஒரு ஊசலை நிஜமாக ஆட்டி எண்ணி, அந்தத் தாளில் எழுதினேன். நடுவை நெருங்க நெருங்க அது தயங்கித் தயங்கி ஆடியது. எண்களாக அது எனக்கு மனப்பாடம், கண்ணால் அன்றைக்குத்தான் பார்த்தேன். விடை ஒன்பது புள்ளி ஐந்து வந்தது. முதல் அட்டவணையை ஏன் அடித்தாய் என்று அவர் கேட்டதற்குப் பதற்றத்தில் தப்பாக எழுதிவிட்டேன் என்றேன். நம்பினார். அவருக்கு வேண்டிய ஆள்தான் கிடைத்துவிட்டதே.

நான் வெளியே வந்தபோது நீ வராந்தாவில் உட்கார்ந்து செருப்பு வாரைச் சரிசெய்துகொண்டிருந்தாய். என் கண்ணைப் பார்க்காமல், "எண்ணுனியா?" என்றாய். அதுதான் முதல் தடவை.

அந்தத் தேர்வு உனக்கு ரத்தானது. அடுத்த ஆண்டு ஜூனியர்களோடு நின்று மறுபடி எழுதி, நல்ல மதிப்பெண்ணே வாங்கினாய். ஆனால் முதல் முயற்சியில் தேறாதவளுக்கு ரேங்க் கிடையாது. எனக்குக் கிடைத்தது. உனக்கு ஃபீஸ் கட்டிக்கொண்டிருந்த உன் அண்ணன், காப்பியடிக்கிறவளுக்கு இந்தப் பட்டமே அதிகம் என்று மேல்படிப்பை நிறுத்திவிட்டார். நீ பெருந்துறையில் போல்ட் செய்யும் ஒரு கம்பெனியில் தரச் சோதனைக்குப் போனாய். ஒரு முடியளவு வித்தியாசம் இருந்தாலும் பெட்டியோடு திருப்பி அனுப்பிவிடுவாய் என்று அங்கே உன்னைக் கண்டால் பயம். நான் எம்.எஸ்சி. முடித்து அதே கல்லூரியில் ஆசிரியையானேன். அதே மெக்கானிக்ஸ், அதே ஆய்வகம். என் வகுப்பில் கூட்டு ஊசல் செய்கிறவர்கள் தாளின் முதல் வரியில் துளைகளின் எண்ணிக்கையை எழுதிவிட்டுத்தான் மற்றதைத் தொட வேண்டும். பிள்ளைகள் எனக்குத் துளை மேடம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

ஒரே ஒரு தடவை, பெருந்துறை பஸ் ஸ்டாண்டில், உன்னிடம் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். நீ வெடுக்கென்று நிறுத்தினாய்.

"இத எங்கிட்டச் சொல்லி என்ன பண்ணறது அம்மணி? நான் அங்கதான நின்னேன்."

தெரியாதவர்களிடம் போய்ச் சொல் என்கிறாய் என்று எனக்கு அப்போது புரியவில்லை. புரியவில்லை என்பதும் பொய்தான். புரிந்துகொள்ளாமல் இருப்பது வசதியாக இருந்தது.

நாலே நாள் காய்ச்சலில் நீ போனாய். உன் பதினாறாம் நாள் காரியத்தில் அண்ணன் யாரிடமோ வருத்தமாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தார், நன்றாகப் படித்த பிள்ளை, ஒரு தடவை காப்பியடித்து மாட்டிக்கொண்டாள் என்று. உன் அம்மா என் கையைப் பிடித்தார். "நீ பக்கத்துலதான கண்ணு இருந்த. எம்புள்ள பாத்து எழுதுனாளா?" என்று கேட்டார். இத்தனை வருடமாக அந்தக் கேள்வி அவர் மனத்தில் இருந்திருக்கிறது. நீ இறந்த வீட்டில், உன் படத்துக்கு முன்னால், ஞாபகம் இல்லீங்கம்மா என்றேன்.

அதனால்தான் வெள்ளிக்கிழமை அப்படி உட்கார்ந்துவிட்டேன். சாப்பிடாததால் அல்ல.

துறைத்தலைவரிடம் கேட்டேன், துருப்பிடித்த இரும்புதானே, எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். நேற்று, ஞாயிற்றுக்கிழமை, பட்டையைப் பழைய துணியில் சுற்றி உக்கடத்தில் மதுக்கரை பஸ் ஏறினேன். இரண்டு முறை நடுவழியிலேயே இறங்கிவிடலாம் என்று எழுந்தேன். வீட்டில் அம்மாவும் அண்ணனும் இருந்தார்கள். உட்காரச் சொன்னார்கள். உட்கார்ந்தால் பேச்சு வராது என்று நின்றபடியே சொன்னேன். சீனியரின் நோட்டு, பதினெட்டு, இருபத்துநாலு, மேசைக்கு அடியில் வந்த தாள், நான் ஆட்டிய தலை. ஒன்றையும் விடவில்லை.

"இத ஏனுங்க இப்ப வந்து சொல்றீங்க?" என்றார் அண்ணன். அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும் என்றேன். அவர் எழுந்து போய் வாசலில் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

அம்மா பட்டையைக் கேட்டு வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். ஒரு துளையில் விரலை வைத்துத் தடவினார்.

"நீ வாயத் தொறக்க மாட்டீன்னு அவளுக்குத் தெரியுமா?"

"தெரியுமுங்கம்மா."

"தெரிஞ்சேதான் பொங்கலுக்குப் பொங்கல் உனக்கு முறுக்குச் சுட்டுக் குடுத்துவிட்டாளா?"

எனக்கு அழுகை வந்தது. அந்த வீட்டில் அழ எனக்கு உரிமை இல்லை என்று அடக்கிக்கொண்டேன். அம்மா அழவில்லை. நிதானமாக என் முகத்தைப் பார்த்தார்.

"சொல்லிப்போட்ட, நல்லது கண்ணு. இனி இங்க வராத."

பட்டையைத் திருப்பித் தரவில்லை, நானும் கேட்கவில்லை. வாசலில் குனிந்து செருப்பை மாட்டும்போது உள்ளேயிருந்து அவர் குரல் கேட்டது. மெதுவாக, ஒவ்வொன்றாக. பதினேழு, பதினெட்டு என்று வந்து, ஒரு கணம் நின்று, பத்தொன்பது என்று தொடர்ந்தது. வாசலில் நின்ற உன் அண்ணன் அப்போதுதான் திரும்பி உள்ளே போனார்.

இன்று முதலாண்டுக்குச் செய்முறை வகுப்பு. ஊசலுக்கு எதிரே ஒரு பெண் துளைகளை எண்ணிக்கொண்டு நிற்கிறாள், நான் மேசையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். மதுக்கரை வீடு இனி எனக்கு இல்லை, அது நியாயம்தான். நான் ஆட்டிய தலையை என்னிடமிருந்து யாரும் வாங்கிக்கொள்ள முடியாது, அது என்னோடுதான் வரும். ஆனால் நீ இருபது வருடம் கேட்டாயே, எண்ணினாயா என்று. நேற்று உன் அம்மாவுக்கு முன்னால் ஒன்று விடாமல் எண்ணிவிட்டேன். உன்னிடம் வந்து சொல்ல வேண்டியதில்லை. நீ அங்கேதானே நின்றாய்.