ஐம்பத்தெட்டுப் படிகள், பதினான்கு மாதங்கள்

அனுப்புநர்:
ஓய்வுபெற்ற நீதிமன்றச் சுருக்கெழுத்தர்,
ஏழாம் எண் வீடு, மூன்றாம் மாடி,
கண்ணாடிக் கடைக் கட்டடம்.

பெறுநர்:
வாடகை முறையீட்டு அலுவலர் அவர்கள்,
வீட்டு வாடகை அலுவலகம்.

பொருள்: மூன்றாண்டு வாடகை ஒப்பந்தத்தைக் காலம் முடியுமுன் முடித்துக்கொள்ளவும், இயலாவிடில் மாதந்தோறும் தொடரும் முறைக்கு மாற்றித் தரவும் கோருதல் – தொடர்பாக.

இணைப்பு: ஒப்பந்த நகல், மருத்துவர் சான்று, எனது குறிப்பேட்டின் ஒரு பக்கம்.

மதிப்பிற்குரிய ஐயா,

தங்கள் நேரத்தை வீணாக்கக் கூடாது என்பதால், கீழே எழுதியிருப்பவற்றை முதலில் வரிசைப்படுத்தித் தருகிறேன்.

1. வீடும் ஒப்பந்தமும்
2. காலி செய்ய வேண்டிய காரணம்
3. உரிமையாளரிடம் நான் பேசிப் பார்த்தது
4. உரிமையாளர் முன்பு அளித்த வாய்மொழி உறுதி
5. நான் வேண்டுவது

1. மேற்கண்ட வீட்டில் நானும் என் மனைவியும் இருபத்திரண்டு மாதங்களாகக் குடியிருக்கிறோம். ஒப்பந்தம் மூன்று ஆண்டுகளுக்கு. இன்னும் பதினான்கு மாதங்கள் உள்ளன. உரிமையாளர் அதே கட்டடத்தின் கீழ்த்தளத்தில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். ஓராண்டு ஒப்பந்தம் போதும் என்றுதான் அவர் முதலில் சொன்னார். மூன்றாண்டு கேட்டவன் நான். ஆண்டுக்கொரு முறை ஒருவர் எதிரில் நின்று பேரம் பேசுவது எனக்கு வராத வித்தை. ஒரேயடியாகக் கையெழுத்திட்டுவிட்டால் மூன்று ஆண்டுகள் யாரிடமும் எதுவும் கேட்க வேண்டியிராது என்று எண்ணினேன். இதை மறைக்காமல் சொல்லிவிடுவது முறை.

2. நான்கு மாதங்களுக்கு முன் என் மனைவி காய்கறிக் கடை வாசலில் வழுக்கி விழுந்ததில் இடுப்பெலும்பு முறிந்தது. அறுவை செய்து தகடு வைத்திருக்கிறார்கள். எங்கள் வீட்டுக்கு ஐம்பத்தெட்டுப் படிகள், மின்தூக்கி கிடையாது. படி ஏறலாமா என்று மருத்துவரைக் கேட்டதற்கு, ஏறுவது அவரவர் தைரியம், இறங்குவதற்கு நான் பொறுப்பல்ல என்றார். ஆயினும் ஒரு நாள் முயன்று பார்த்தோம். இருபத்தோராவது படியில் அவள் உட்கார்ந்துவிட்டாள். இரண்டாம் மாடித் தச்சரும் அவர் தம்பியும் அவளை ஒரு நாற்காலியில் உட்கார வைத்துத் தூக்கிக் கீழே கொண்டு வந்தார்கள். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "இனிமே என்னை பீரோ மாதிரி தூக்காதீங்க" என்று மட்டும் சொன்னாள். அதன்பின் நாங்கள் முயலவில்லை.

இப்போது அவள் எங்கள் மகள் வீட்டில் இருக்கிறாள். இரண்டு பேருந்துகள் மாறிப் போக வேண்டும். காலை பத்து மணிக்குப் போய் மாலை நான்கு மணிக்குத் திரும்புகிறேன். மகள் குறை வைக்கவில்லை. மருமகன் மிக நல்லவர். கூடத்தில் அவள் கட்டில் கிடப்பதால் தொலைக்காட்சியைக்கூடப் போடுவதில்லை, சமையலறையில் நின்றபடியே தொலைபேசியில் பேசுகிறார். அந்த மரியாதைதான் அவளுக்குப் பாரமாக இருக்கிறது. சென்ற வாரம் அவள் சொன்னதைச் சொன்னபடியே தருகிறேன்: "எத்தன நாள் விருந்தாளியாவே இருக்கறது? எனக்குக் கத்தித் திட்றதுக்கு ஒரு வீடு வேணுங்க." நாற்பத்தாறு ஆண்டுகளாக அந்தத் திட்டுக்கு உரியவன் நான் ஒருவனே. அது இல்லாமல் மாலையில் வீடு திரும்புவது எப்படி இருக்கிறது என்பதை மனுவில் எழுதும் முறை எனக்குத் தெரியவில்லை.

மூன்று தெரு தள்ளி, துணி தைக்கும் அம்மாள் ஒருவர் தம் வீட்டின் கீழ்ப்பகுதியை எங்களுக்குத் தர இசைந்திருக்கிறார். இரண்டு அறைகள், வாசலில் ஒரே ஒரு படி. எத்தனை ஆண்டு ஒப்பந்தம் என்று கேட்டேன். "ஒப்பந்தமெல்லாம் எதுக்குங்கய்யா? மாசா மாசம் பாத்துக்கலாம். பிடிச்சா இருங்க, பிடிக்கலன்னா சாவியக் குடுத்துட்டுப் போங்க" என்றார். எனக்குச் சற்றுக் கலக்கமாகவே இருந்தது. ஆயினும் சரி என்றேன். இம்மாத இறுதி வரை மட்டுமே வேறொருவருக்கு விடாமல் வைத்திருப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

3. உரிமையாளரிடம் மூன்று முறை பேசினேன். இரண்டு முறை கடை வாசல் வரை சென்று, வாடிக்கையாளர் இருந்ததால் திரும்பிவிட்டேன்; அவற்றைக் கணக்கில் சேர்க்கவில்லை.

முதல் முறை, மாத இறுதியில் விட்டுவிடும்படி கேட்டேன். ஒப்பந்தம் ஒப்பந்தம்தான் என்றார். இரண்டாம் முறை, மீதமுள்ள காலத்தை மாதந்தோறும் தொடரும் முறையாக மாற்றலாமா என்று கேட்டேன். ஒருவருக்கு மாற்றினால் எல்லா மாடியும் வந்து வரிசையில் நிற்கும், அப்புறம் நான் கண்ணாடி விற்பதா, படிக்கட்டுக்குக் காவல் இருப்பதா என்றார். மூன்றாம் முறை, வீட்டைப் பார்த்துப் பிடித்துப்போன ஒரு பேருந்து ஓட்டுநரைக் கையோடு அழைத்துச் சென்றேன். மனைவியும் இரண்டு பெண்களும் உள்ள குடும்பம்; அடுத்த மாதம் முதல் தேதியே வரத் தயார். அவரை வெளியே உட்கார வைத்துவிட்டு உரிமையாளர் என்னிடம் சொன்னது: "உங்கள மாதிரி சத்தமே போடாத குடித்தனம் எங்க சார் கெடைக்கும்? நான் விக்கற கண்ணாடிய நானே போட்டுத் தேடினாலும் கெடைக்காது. உங்கள நான் விட மாட்டேன்."

அவர் கெட்ட மனிதர் அல்லர். எங்களுக்கு முன்பிருந்தவர்கள் குழாயைத் திறந்து விட்டுவிட்டுச் சொல்லாமல் போய், கீழே கடைக்குள் தண்ணீர் இறங்கியதாம். அந்தச் சூடு அவருக்கு ஆறவில்லை. ஆனால் இருபத்திரண்டு மாதங்களில் நான் எதையும் கேட்காமலிருந்ததே இன்று எனக்கு விலங்காகிவிட்டது. என் எழுபத்தைந்து வயதில் நான் எழுதும் முதல் புகார் இது.

4. ஒப்பந்தம் கையெழுத்தான நாளில், அவர் கடையின் பின்னறையில், என் மனைவியும் உடனிருக்க, உரிமையாளர் கூறியவற்றைக் குறிப்பேட்டில் சுருக்கெழுத்தில் பதிந்துகொண்டேன். "மூன்று ஆண்டும் முழுவதாக இருக்க வேண்டாம்" என்று அவர் கூறியது அதில் உள்ளது. அப்படிச் சொல்லவே இல்லை என்று இப்போது மறுக்கிறார். முப்பத்தோராண்டுப் பணியில் என் குறிப்பை எந்த வழக்கறிஞரும் மறுத்ததில்லை. எனவே சொன்ன சொல்லை மாற்றுபவர் உரிமையாளரே என்று வருத்தத்துடன் தெரிவிக்கிறேன். என் கோரிக்கைக்கு வலுவான ஆதாரம் இந்தப் பத்தியே.

5. ஆகவே, தாங்கள் உரிமையாளரை அழைத்துப் பேசி, (அ) இம்மாத இறுதியோடு ஒப்பந்தத்தை முடித்து, ஓட்டுநர் குடும்பத்தை ஏற்கச் செய்யுமாறும், (ஆ) அது இயலாவிடில் மீதமுள்ள காலத்தை மாதந்தோறும் தொடரும் முறைக்கு மாற்றித் தருமாறும் வேண்டுகிறேன். முன்பணம் குறித்து நான் எதுவும் கேட்கவில்லை. எனக்கு வேண்டியது சாவியைத் திருப்பிக் கொடுக்க அனுமதி மட்டுமே.

பத்தி 4 குறித்த திருத்தம்:

ஒப்பந்தத்தில் என் மனைவியும் கையெழுத்திட்டவள் என்பதால், இம்மனுவில் அவள் ஒப்பம் பெற இன்று மகள் வீட்டுக்கு வந்து, முழுவதையும் வாசித்துக் காட்டினேன். நான்காம் பத்தியில் நிறுத்தினாள். "அவர் எங்கங்க அப்படிச் சொன்னார்? மூணு வருஷமும் முழுசா இருக்கணும் சார், நடுவுல ஓடிடாதீங்கன்னு சிரிச்சிட்டே சொன்னார். நீங்களும் தலைய ஆட்டிட்டே எழுதினீங்க" என்றாள்.

குறிப்பேட்டை எடுத்துப் பார்த்தேன். சுருக்கெழுத்தில் மெய்யொலிக்குத்தான் கோடு. உயிரொலிக்குப் பக்கத்தில் சிறு புள்ளி. பேச்சைக் கேட்டபடியே எழுத்துத் தமிழாக்கிப் பதிவது எங்கள் தொழில்வழக்கம். அவர் "இருக்கணும்" என்றதை நான் "இருக்க வேண்டும்" என்று பதிந்திருக்கிறேன். வேண்டும், வேண்டாம் இரண்டுக்கும் கோடு ஒன்றே, புள்ளிதான் வேறு. நீதிமன்றத்தில் இவ்விரு சொற்களுக்கு மட்டும் நான் ஒருபோதும் புள்ளியை விட்டதில்லை. விட்டால் யாராவது சிறைக்குப் போவார்கள். அன்று கடையில் விட்டிருக்கிறேன். பின்னர் தேவை வந்தபோது, தேவைப்பட்ட சொல்லையே அதில் படித்திருக்கிறேன்.

இந்தப் பத்தி போனால் மனு நிற்பது கடினம் என்று அவளிடம் சொன்னேன். "அத எடுத்துடுங்க. மிஞ்சிப் போனா பதினாலு மாசந்தானே" என்று சொல்லிப் பேனாவைக் கேட்டாள்.

பதிவானதை அழித்துப் புதிதாய் எழுதுவது என் பழக்கமல்ல. ஆகையால் அப்பத்தியை அப்படியே விட்டு, அதன் கீழ் இதை எழுதுகிறேன். உரிமையாளர் சொல் மாறவில்லை. பத்தி 4 தவறு, தவறு என்னுடையது. இதன் நகலை அவருக்கும் அனுப்பி மன்னிப்புக் கோருகிறேன். இனி சட்டத்தைக் காட்டிக் கேட்க என்னிடம் ஏதுமில்லை. எஞ்சிய பத்திகளைப் படித்துத் தங்களுக்கு நியாயம் என்று படுவதைச் செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

நாள்: ஆகஸ்ட் 9
இடம்: மகள் வீட்டுக் கூடம்

தங்கள் பணிவுள்ள,
(ஒப்பம்) வாடகைதாரர்
(ஒப்பம்) வாடகைதாரரின் மனைவி