எர்த் போட்ட சுவர்

கொட்டாஞ்சேனை
17 செப்டெம்பர் 2023

அன்புள்ள பிறிஜெற்றுக்கு,

சுகமா? போனில் கதைத்தால் கடைசியில் விசாச் சண்டையில்தான் வந்து நிற்கிறது, ஆறுதலாக இருந்து எழுதுங்கோ என்று போன கிழமை சொன்னீர். இதோ எழுதுகிறேன். எழுத்துப் பிழைக்குச் சிரிக்கக்கூடாது.

முதலில் கெட்ட செய்தி. எங்கட கம்ப்யூட்டர் செத்துப்போச்சு. வெள்ளிக்கிழமை கரண்ட் போய்த் திரும்பி வந்ததும் பட்டென்று ஒரு சத்தம், பிறகு கருகின மணம். பவர் சப்ளையை மட்டும் மாற்றினால் சரியாகும் என்று நினைத்தேன். துறைமுகத்தில் என்னோடு கிரேன் ஓட்டுகிற ஹுசைன் வந்து கழற்றிப் பார்த்தான். “மச்சான், இது தனியப் போகேல்ல, மதர்போர்டையும் கூட்டிக்கொண்டுதான் போயிருக்கு” என்றான்.

ஞாயிறு பின்னேரம் நீர் இங்கிலாந்தில் ஹல்லில் இருந்தும் நான் இங்கே இருந்தும் கம்ப்யூட்டரில் கார் ஓட்டி விளையாடுகிற நேரம்தான் எனக்குக் கிழமையில் நல்ல நேரம். நீர் பின்னால் வந்து என் காரை இடித்துக் கவிழ்த்துவிட்டுச் சிரிக்கிற சிரிப்பு இல்லாமல் வீடு வெறிச்சென்று கிடக்கிறது. அதனால் சாமான்கள் வாங்கிப் புதிதாக ஒன்று பூட்டப்போகிறேன். பாயிஸ் நானாவின் கடையில் இத்தனை வருஷம் கம்ப்யூட்டர் பூட்டின ஆள் நீர். எனக்கு 850 வாற்ஸ் பவர் சப்ளை வேண்டும் என்று பம்பலப்பிட்டிக் கடைக்காரர் ஒருவர் சொல்கிறார். உண்மையா?

நான் அங்கே வருகிற விசா அலுவலும் நடக்கிறது. காசநோய், அதுதான் ரீபீ, இல்லை என்று காட்டுவதற்கு நெஞ்சுப் படம் எடுக்க நாள் கேட்கவேண்டும். டியூட்டி மாறினதும் கேட்கிறேன்.

உம்முடைய,
ரொனி


ஹல்
24 செப்டெம்பர் 2023

என் அன்பான ரொனிக்கு,

கேசிங்கோடு சும்மா வருகிற பவர் சப்ளை வேண்டாம், வேண்டாம் என்று தலையால் அடித்துக்கொண்டேன். “எல்லாம் ஒண்டுதானே” என்று சொன்னது ஆர்? இப்போது அதுதான் மற்றச் சாமான்களையும் சாப்பிட்டுவிட்டுப் போயிருக்கிறது. நல்லாப் படட்டும். (கையில் சுடவில்லையே?)

850 எல்லாம் வேண்டாம். விற்கிறவர் விற்கத்தான் பார்ப்பார். உங்களுக்கு வேண்டிய கிராஃபிக்ஸ் கார்ட், புரொசசர், மற்றதெல்லாம் சேர்த்தாலும் முந்நூறு வாற்ஸுக்குப் பக்கத்தில்தான் வரும். 550 போதும். 650 என்றால் நிம்மதியாகத் தூங்கலாம். வாற்ஸ் எவ்வளவு என்பதைவிட ஆர் செய்தது என்று பாருங்கோ. கரண்ட் ஏறி இறங்கினால் தான் நின்று மற்றச் சாமானைக் காப்பாற்றுகிறதா என்று கேளுங்கோ. பாயிஸ் நானாவிடம் போய் என் பெயரைச் சொன்னால் ஏமாற்றமாட்டார்.

ஆனால் ஒன்று. சின்னக் கேசிங்காக வாங்குங்கோ, சப்பாத்துப் பெட்டி மாதிரி ஒன்று வருகிறது. அதற்குச் சின்ன பவர் சப்ளை தனியாக இருக்கிறது. கொஞ்சம் விலைதான். ஆனால் வரும்போது துவாயால் சுற்றி பையில் வைத்துக் கையிலேயே கொண்டு வரலாம். கண்ணாடி போட்ட பெரிய பெட்டியைப் பிளேனில் ஏற்ற ஏலாது. இங்கே முன் அறையில் ஜன்னலுக்குக் கீழே ஒரு மேசை போட்டு வைத்திருக்கிறேன். அதில் இப்போதைக்கு உடுப்பு மடித்து வைக்கிறேன்.

நெஞ்சுப் படத்துக்கு இந்தக் கிழமையே நாள் எடுங்கோ, ராசா.

உங்கள்,
பிறிஜெற்


கொட்டாஞ்சேனை
29 ஒக்டோபர் 2023

அன்புள்ள பிறிஜெற்றுக்கு,

ஏசக்கூடாது. பெரிய கேசிங்தான் வாங்கினேன். சின்னது சூடாகுமாம், நம்முடைய வெயிலுக்குச் சரிவராதாம். பாயிஸ் நானாவே சொன்னார். உமக்குச் சலாமும் சொல்லச் சொன்னார். “அந்தப் புள்ள போனதுக்குப் பொறகு கடையில ஒழுங்கா வயர் கட்ட ஆளில்ல” என்கிறார்.

நான்தான் பூட்டினேன்! ஹுசைன் லைற் பிடித்தான். பவர் சப்ளை மட்டும் இன்னும் வாங்கவில்லை. அவனுடைய பழையதைப் போட்டு ஓட்டுகிறேன். பூட்டி முடிந்து முதன்முதலாக ஃபேன் சுற்றினபோது உம்மைக் கூப்பிட வாய் எடுத்துவிட்டேன். குசினியில் சமைத்துக்கொண்டு நிற்கிறீர் என்ற நினைப்பு.

ஒரு கரைச்சல் இருக்கிறது. கேசிங்கின் இரும்பில் கை பட்டால் சுர்ரென்று அடிக்கிறது. செருப்புப் போட்டால் இல்லை. ஹுசைன் தன் பவர் சப்ளையில் பிழை இல்லை என்று சத்தியம் பண்ணுகிறான்.

நெஞ்சுப் படத்துக்கு 12ஆம் திகதி தந்திருந்தார்கள். அன்றைக்குப் பெரிய கப்பல் ஒன்று வந்துவிட்டது. லீவு தரவில்லை. வேறு நாள் கேட்கிறேன்.

உம்முடைய,
ரொனி


ஹல்
5 நவம்பர் 2023

ரொனி,

கேசிங்கைத் தொடவேண்டாம்! ஹுசைன் சொன்னது சரி, பிழை பவர் சப்ளையில் இல்லை. எங்கட வீட்டுச் சுவரில் எர்த் இல்லை. பிளக்கில் மூன்று ஓட்டை இருக்கிறதே தவிர மூன்றாவதுக்குப் பின்னால் வயரே கிடையாது, பழைய வீடு. நல்ல பவர் சப்ளை வாங்கினாலும் எர்த் இல்லாவிட்டால் அதே கதைதான். பயமாக இருக்கிறது எனக்கு. இங்கே இருந்துகொண்டு நான் என்ன செய்ய?

சவுந்தரநாயகம் அண்ணையைக் கூப்பிடுங்கோ. கோயிலுக்கு லைற் போடுகிறவர், கை சுத்தம். அந்த ஒரு பிளக்குக்கு மட்டும் எர்த் இழுத்துத் தரச் சொல்லுங்கோ. நீங்கள் இங்கே வர வெளிக்கிடும் வரைக்கும் தானே, அது காணும், அதுவே போதும்.

பெரிய பெட்டி வாங்கினதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, பார்த்தீர்களா? இங்கே வந்தபிறகு சின்னதுக்கு மாற்றிப் பூட்டலாம், சாமான்களை மட்டும் கழற்றிக்கொண்டு வாங்கோ. பொறுமை பழகுகிறேன். முதியோர் இல்லத்தில் நான் பார்க்கிற கிழவி ஒருத்தி ஒரே கேள்வியைக் காலையில் இருந்து கேட்பாள். அவளிடம் பழகினதுதான்.

குளிர் தொடங்கிவிட்டது. நான்கு மணிக்கே இருட்டு. வேலையால் வந்து சாவியைப் போட்டுத் திறக்கும்போது உள்ளே ஒரு ஆள் இருமினால்கூடக் காணும் போல இருக்கிறது.

உங்கள்,
பிறிஜெற்


கொட்டாஞ்சேனை
10 டிசெம்பர் 2023

அன்புள்ள பிறிஜெற்றுக்கு,

எல்லாம் வெற்றி. இப்போது கேசிங்கைக் கட்டிப்பிடித்தாலும் ஒன்றும் செய்யாது.

சவுந்தரநாயகம் அண்ணை வந்து பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தார். வயர் எல்லாம் உக்கிப்போயிருக்கிறதாம். “ஒண்டுக்குப் போட்டா என்ன, முழுக்கப் போட்டா என்ன, சுவர் உடைக்கத்தானே வேணும்” என்றார். சரி என்று வீடு முழுவதற்கும் போட்டாச்சு. பின் முற்றத்தில் செம்புக் கம்பி ஒன்று ஆழமாக இறக்கியிருக்கிறார். சுவரை வெட்டின இடம் அசிங்கமாக இருந்தது, பூசினோம். பூசின இடம் மட்டும் வேறு நிறமாகத் தெரிந்தது, அதனால் முன் அறைக்குப் பெயின்ற் அடித்தேன். இளம் பச்சை. நீர் பார்த்தால் பிடிக்கும்.

பவர் சப்ளையும் வாங்கிவிட்டேன். 850தான், கோபிக்க வேண்டாம். பிறகு பெரிய கார்ட் போட்டாலும் தாங்கும். பத்து வருஷ வாறண்டி! பாயிஸ் நானா பில்லில் கையெழுத்துப் போட்டுத் தந்தார். இலங்கைக்கு மட்டும்தான் அந்த வாறண்டி, ஆனால் இனிப் பத்து வருஷத்துக்கு இதைப் பற்றி யோசிக்கத் தேவையில்லை.

நத்தாருக்குத் தங்கச்சி றஷ்மி பிள்ளைகளோடு வருவதாகச் சொன்னாள். அவளுடைய கிறிஸ்மஸ் கேக்கை நீர் இல்லாமல் சாப்பிடுவது இது இரண்டாவது முறை.

உம்முடைய,
ரொனி


ஹல்
20 டிசெம்பர் 2023

அன்பான ரொனிக்கு,

உங்கள் கடிதத்தைப் பஸ்ஸில் வாசித்தேன். பத்து வருஷம் என்று எழுதின இடத்தில் நின்றுவிட்டேன். இறங்க வேண்டிய இடத்தில் இறங்கவில்லை.

கொண்டு வரக்கூடிய பெட்டியைச் சொன்னேன், இரண்டு பேர் தூக்குகிற பெட்டி வாங்கினீர்கள். ஒரு பிளக்குக்கு எர்த் கேட்டேன், வீடு முழுக்கச் சுவரை உடைத்துப் போட்டிருக்கிறீர்கள். வெளிக்கிடுகிற மனிதன் சுவருக்குப் பெயின்ற் அடிப்பானா? எர்த் போடச் சொன்னதும் நான்தான். உங்களுக்குக் கரண்ட் அடிக்கக்கூடாது என்று பதறினேன், உங்களை அந்த வீட்டோடு சேர்த்துக் கட்டிவைத்தேன். அதை நினைத்தால் சிரிப்பும் வருகிறது, எரிச்சலும் வருகிறது.

புதுச் சட்டம் பற்றி நீங்கள் ஒரு சொல் எழுதவில்லை. இங்கே எங்களைப் போலப் பராமரிப்பு வேலை செய்கிறவர்கள் வருகிற இளவேனிலில் இருந்து புருஷனையோ பிள்ளையையோ கூப்பிட ஏலாது என்று இந்த மாதம் அறிவித்திருக்கிறார்கள். அதற்கு முதல் விண்ணப்பம் போடவேண்டும். நெஞ்சுப் படம் இல்லாமல் போட ஏலாது. அந்தச் செய்தி கொழும்புக்கு வரவில்லையா?

நான் சண்டை பிடிக்கவில்லை. பவர் சப்ளை, ஃபேன், கேசிங் ஒன்றும் எழுதாமல் ஒரு கடிதம் எழுதுங்கோ. வருவீர்களா, மாட்டீர்களா? எனக்கு நீங்கள் வேண்டும். அவ்வளவுதான் என் கதை.

உங்கள்,
பிறிஜெற்


கொட்டாஞ்சேனை
14 ஜனவரி 2024

அன்புள்ள பிறிஜெற்றுக்கு,

நத்தார், புதுவருஷம் எல்லாம் போய்விட்டது. பத்துத் தரம் எழுதி அழித்தேன்.

நான் வரமாட்டேன். எழுதிவிட்டேன். உம்மோடு இருக்க விருப்பம் இல்லை என்று அர்த்தம் இல்லை, அது உமக்குத் தெரியும். அங்கே வந்தால் நீர் வேலைக்குப் போன பிறகு நான் ஆர்? பாயிஸ் நானாவின் மச்சான் அங்கே போய் ஸ்ரோரில் பெட்டி அடுக்குகிறான். இங்கே காலையில் கிரேனில் ஏறினால் முழுத் துறைமுகமும் எனக்குக் கீழே. கப்பல்காரன் என் கையைப் பார்த்துக்கொண்டு நிற்பான். அதை விட்டுவிட்டு வந்தால் நான் உமக்கு நல்ல புருஷனாக இருக்கமாட்டேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிவேன்.

நேரே சொல்லப் பயம். சொன்னால் ஞாயிற்றுக்கிழமையும் இல்லாமல் போகும் என்று பயம். அதனால் கம்ப்யூட்டரையே கதைத்துக்கொண்டு இருந்தேன். அதைக் கதைக்கும்போது நீர் பக்கத்தில் நிற்கிற மாதிரி இருந்தது.

நீர் திரும்பி வாரும். வீடு இப்போது நல்ல வடிவு. பாயிஸ் நானா நாளைக்கே வேலை தருவார்.

உம்முடைய,
ரொனி


ஹல்
10 மார்ச் 2024

அன்புள்ள ரொனிக்கு,

பதில் எழுத இவ்வளவு நாள் எடுத்ததற்கு மன்னியுங்கோ. நாளைக்கு அந்தச் சட்டம் வருகிறது. முன்னமே வந்த எங்களை அது தொடாது என்று பிறகு சொன்னார்கள், ஆனாலும் உங்கள் மனம் மாறுமா என்று இன்றைக்கு வரை பார்த்துக்கொண்டிருந்தேன். பைத்தியக்காரி.

உண்மையைச் சொன்னதற்கு நன்றி. அந்தக் கடிதத்தில் உங்களில் எனக்குக் கோபம் வரவில்லை. அதற்கு முந்தின கடிதங்களில்தான் வந்தது.

திரும்பி வரச் சொல்கிறீர்கள். யோசித்தேன், பொய் சொல்லவில்லை, டிக்கெற் விலைகூடப் பார்த்தேன். ஆனால் இங்கே ஒரு தளத்துக்கு இப்போது நான்தான் பொறுப்பு. கிழவிகள் என் காலடிச் சத்தத்தைக் கேட்டால் கத்துவதை நிறுத்துவார்கள். கிரேனில் இருந்து இறங்கினால் உங்களுக்கு எப்படி இருக்குமோ, இதை விட்டால் எனக்கும் அப்படித்தான் இருக்கும். பச்சைச் சுவரைப் பார்த்துக்கொண்டு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிவது நானாக இருப்பேன்.

ஒன்றை நான் உங்களிடம் சொல்லவே இல்லை. முதலில் எனக்கு வேலை கிடைத்தது லண்டன் பக்கத்தில், நேசமலர் அக்காவின் வீட்டுக்குக் கிட்ட. அதை விட்டுவிட்டு ஹல்லை எடுத்தேன். வரைபடத்தில் துறைமுகம் என்று இருந்தது. நீங்கள் வந்தால் ஜன்னலால் கிரேன் தெரியட்டும் என்று இந்த வீட்டைத் தேடிப் பிடித்தேன். இரண்டு பேருக்கான வாடகை கட்டிக்கொண்டு தினமும் அந்தக் கிரேனைப் பார்த்தபடி தேத்தண்ணி குடிக்கிறேன். ஆர் ஓட்டுகிறான் என்றுகூடத் தெரியாது, ஆனால் காலையில் அது அசையாவிட்டால் எனக்கு யோசனையாக இருக்கும்.

லண்டன் பக்கத்தில் அந்த வேலை திரும்பவும் இருக்கிறதாம், இதே பொறுப்போடு, அங்கேயும் கிழவிகள்தான். நேசமலர் அக்கா தன் மேல் அறையைத் தருகிறா. ஒரு கட்டில், ஒரு அலுமாரி. ஈஸ்ரர் முடிய மாறுகிறேன். வீட்டுக்காரருக்கும் சொல்லிவிட்டேன்.

உங்களை எனக்கு இன்னும் அதே அளவு பிடிக்கும், ரொனி. ஆனால் இனி வாங்கோ என்று கேட்கமாட்டேன், நீங்களும் என்னைக் கேட்கவேண்டாம். அந்த அறையின் ஜன்னலால் பக்கத்து வீட்டுச் சுவர் மட்டும்தான் தெரியுமாம். எனக்கு அது காணும்.

பிறிஜெற்