படத்தில் பூட்டிக் கிடக்கும் நம் வீடு

அன்புள்ள சின்னவனுக்கு, அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் நலம், உன் அப்பாவின் முழங்கால் மட்டும் நலமில்லை, அது காற்று திரும்பினால் சரியாகிவிடும். நீ எப்படி இருக்கிறாய் என்பதுதான் தெரியவில்லை. போனில் எதைச் சொன்னாலும் "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுகிறாய், அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன், இதையாவது முழுசாகப் படி.

படகு டிக்கெட் கவுண்டர்காரர் மகன், உன்னோடு படித்தானே, நீங்களெல்லாம் சுண்டெலி என்று கூப்பிடுவீர்களே, அவன் இப்போது பெரிய ஓவியன். நம் தீவு ஜனங்களை வரைந்து, படகுத்துறைப் பழைய ஐஸ் கிடங்குக்கு வெள்ளையடித்துக் கண்காட்சி வைத்தான். அக்கரையிலிருந்து படகு படகாக ஆள் வந்தார்கள். தண்ணீர்ப் படகுக்குக் குடத்தோடு நிற்கிற பெண்கள், வலை பிரிக்கிறவர்கள், படகில் சைக்கிளையும் ஆட்டையும் ஏற்றுகிறவர்கள் என்று எல்லாரும் சுவரில் இருந்தார்கள். பக்கத்து வீட்டு அக்கா தன் மூக்கைப் பெரிதாக்கிவிட்டான் என்று அங்கேயே சண்டை பிடித்தாள். அப்பா படகு இஞ்சினுக்கு அடியில் படுத்திருக்கிற மாதிரி ஒரு படம், இரண்டு பாதம் மட்டும்தான் தெரிகிறது, அதற்கே மனுஷனைக் கையில் பிடிக்க முடியவில்லை, வந்தவர்களிடமெல்லாம் "அது என் கால்தான்" என்று காட்டிக்கொண்டிருந்தார். நானும் சிரித்துக்கொண்டே நகர்ந்தேன், கடைசிச் சுவரில் நம் வீடு. கடல் பக்கத்துக் கதவு சாத்தி, நாதாங்கியில் துரு வழிந்து, வாசலில் மணல் மேடிட்டுக் கிடக்கிறது. கீழே 'ஆளில்லாத வீடு' என்று எழுதியிருக்கிறான். எனக்கு வயிறு எரிந்துவிட்டது. குத்துக்கல்லாட்டம் இரண்டு பேர் உள்ளே இருக்கிறோம், ஆளில்லையாம்.

உப்புக்காற்றுக்குப் பயந்து நம் வீட்டு வரிசையில் எல்லாரும் கடல் பக்கத்துக் கதவைச் சாத்திவைத்துப் பின்பக்கமாகத்தான் புழங்குகிறோம், இது அவனுக்குத் தெரியாதா? பிடித்து வைத்துக் கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டு, "மத்தவங்க படகு வர்ற நேரத்துக்காவது திறக்கிறாங்கம்மா. உங்க பையன் போனதுக்கப்புறம் நீங்க திறந்து நான் பாத்ததே இல்ல. படகுல இருந்து பாத்தா ஆளில்லாத மாதிரிதான் தெரியுது" என்றான். யாரும் வராத படகுக்கு எதற்குத் திறக்க வேண்டும் என்று வாய் வரைக்கும் வந்தது. எரிச்சலோடு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. படத்தைப் பார்த்துவிட்டு அக்கரையிலிருந்து ஒருவர் மனைவியோடு வந்து வாசலை நடந்து நடந்து அளக்கிறார். பாத்திரம் கழுவிய கையோடு பின்பக்கமாகச் சுற்றி வந்த என்னிடமே, "இந்த வீட்டுக்காரங்க எங்க இருக்காங்க, விப்பாங்களா?" என்று கேட்கிறார். "உங்க எதிர்லதான் நிக்கிறாங்க" என்றேன். நான் துரத்துவதற்குள் உன் அப்பா நாற்காலி போட்டு, டீ கொடுத்து, அவர் சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டார். வந்தவர் அடுத்த மாதம் பதிலுக்கு வருகிறாராம். அவர் போனதும் அப்பா என்னைப் பார்க்காமல், "பையன் வரமாட்டான், நாம மட்டும் இத வச்சுக்கிட்டு என்ன பண்ணப்போறோம்" என்றார். அவரா இப்படிப் பேசுகிறார் என்று எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. வருஷா வருஷம் சுண்ணாம்பு கரைத்து இந்த வீட்டுச் சுவருக்கு அடிக்கிற மனுஷன். எனக்கு அவர் மேலே கோபம், சுண்டெலி மேலே கோபம், உண்மையைச் சொன்னால் எல்லாரையும்விட உன் மேலேதான் கோபம். எப்போது ஊருக்குத் திரும்பி வருவாய் என்று கேட்டால் இரண்டு வருஷமாக "பார்க்கலாம்மா" என்கிறாய். அந்தப் பார்க்கலாமை நம்பித்தான் நான் அவரோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கிறேன்.

மறுநாளே எண்ணெய் விட்டு, அப்பாவின் சுத்தியலால் தட்டி, அந்தக் கதவைத் திறந்துவிட்டேன். இப்போது வீடு முழுக்க உப்பு. கண்ணாடி மங்கிவிட்டது, மேசை பிசுபிசுக்கிறது, அப்பா மணலைக் கூட்டிக் கூட்டி என்னைத் திட்டுகிறார். திட்டட்டும். சுண்டெலி வந்து பார்த்துவிட்டு, கதவு திறந்திருக்கிற மாதிரி வேறு படம் வரைந்து தரட்டுமா என்று கேட்டான். இப்போது வேண்டாம், என் பிள்ளை பதில் எழுதட்டும், அதற்கப்புறம் திறந்ததையோ சாத்தியதையோ வரை என்று அனுப்பிவிட்டேன்.

வேளாவேளைக்குச் சாப்பிடு, ஈரத் தலையோடு வேலைக்குப் போகாதே. எங்கே இருந்தாலும் நோய்நொடி இல்லாமல் நன்றாக இரு, அதில் எனக்கு மாற்றமில்லை. வீடு கேட்ட அந்த மனுஷர் திரும்பி வருவதற்குள், வருகிறேன் என்றோ வரவில்லை என்றோ ஒரு வார்த்தை எழுது. வரவில்லை என்றாலும் தாங்கிக்கொள்வேன், கதவைச் சாத்திவிட்டு அப்பா சொல்கிறபடி கேட்கிறேன். 'பார்க்கலாம்' என்று மட்டும் எழுதாதே.

கதவைத் திறந்து வைத்திருக்கும்
உன் அம்மா