எலித் தீனியும் என் மொட்டையும்

திருவண்ணாமலை
20-2-1986

அன்பு மகள் தனத்துக்கு அம்மா எழுதுவது. அண்ணாமலையார் புண்ணியத்தில் நானும் அப்பாவும் சுகம், செவலைப் பசுவும் சுகம். அமெரிக்கக் குளிரில் நீயும் உன் ஆராய்ச்சி எலிகளும் சுகமா என்று எப்போதும்போல் கேட்கத்தான் நினைத்தேன், உன் கடிதத்தைப் படித்த பிறகு எலிகளைப் பற்றிக் கேட்கவே பயமாக இருக்கிறது.

போன வாரம் செவ்வாய்க்கிழமை வந்த கடிதம், திரும்பத் திரும்பப் படித்த பிறகுதான் புரிந்தது. எலிகளுக்குக் கிட்னி தேறியது உன் மருந்தால் இல்லை, அதே மாதம் தீனியை வேறு கம்பெனியில் வாங்கியதால்தான், பழைய தீனியைப் போட்டு மருந்து கொடுத்தால் ஒன்றும் தேறவில்லை, இதை நீயே கண்டுபிடித்துவிட்டாய். உன் கட்டுரை தப்பு என்று அது வந்த பத்திரிகைக்கே எழுத வேண்டும் என்கிறாய், உன் புரொபசரோ பேசாமல் இரு, எழுதினால் ஜூனுக்கு மேல் உனக்கு இங்கே வேலை இருக்காது என்கிறார். என்ன செய்யட்டும் அம்மா என்று கேட்டிருக்கிறாய். எட்டாவது படித்தவளைக் கேட்கிற கேள்வியா இது. ஆனாலும் என்னைக் கேட்டாயே என்று சந்தோஷமாக இருந்தது.

முதலில் வந்தது கோபம்தான், மறைப்பானேன். உன் கட்டுரை அச்சில் வந்தால் மொட்டை போடுகிறேன் என்று வேண்டிக்கொண்டவள் நான். பூமுடியாக ஒரு கொத்து கொடுத்தால் போதும் என்று எல்லோரும் சொல்லியும் கேட்காமல் தீபத்துக்கு மறுநாள் முழு மொட்டையாகப் போட்டேன். பூ வைக்க வழியில்லாமல் கல்யாண வீடுகளுக்கு முக்காடு போட்டுக்கொண்டு போனேன், கேட்டவர்களிடமெல்லாம் என் மகள் கிட்னிக்கு மருந்து கண்டுபிடித்திருக்கிறாள் என்று பெருமை அடித்தேன். முடி இன்னும் ஒரு விரல் நீளம்கூட வளரவில்லை, அதற்குள் மருந்தே இல்லை என்றால் என் முடிக்கு யாரடி பதில் சொல்வது. அப்பா சிரித்துவிட்டார். மாட்டு டாக்டர் நம்ம பசுவுக்கு ஊசி போட்ட வாரமே புண்ணாக்கையும் மாத்தினோமே, பால் ஜாஸ்தியானதும் ஊசிதான்னு நீ சொல்லப்போய் தெருவே ஊசி போட்டுச்சே, மறந்துட்டியானு கேட்டார். எதனால் ஜாஸ்தியானது என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது.

சிரிப்பு அதோடு போயிற்று, உன் காசியம்மாள் அத்தை ஞாபகம் வந்துவிட்டது. மாமாவுக்குக் கால் வீங்கி, கிட்னிக் கோளாறு என்று வேலூரில் வைத்தியம் பார்ப்பதாக எழுதியிருந்தேனே. உடனே அத்தை வீட்டுக்குப் போனேன். தனம் மருந்து வேலை செய்யலையாம் அண்ணி, அவளே எழுதியிருக்கானு சொன்னேன். அத்தைக்கு முகம் செத்துப்போயிற்று. வேலூருக்குப் போறதையே நிறுத்திட்டோம் உண்ணாமல, தனம் மருந்து வந்துடும்னு இவரு மாத்திரையக்கூட விட்டுட்டாருனு அழுதுவிட்டாள். மறுநாள் முதல் பஸ்ஸில் அப்பாதான் மாமாவை வேலூருக்குக் கூட்டிப்போனார். இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் கஷ்டம் என்றார்களாம். இப்போது மாத்திரை சாப்பிடுகிறார், வீக்கம் கம்மி.

அதனால் சொல்கிறேன் தனம், எழுதிவிடு. நான் வாயால் சொன்னதை நம்பியே இங்கே ஒரு மனுஷர் மாத்திரையை விட்டார், நீ அச்சில் போட்டதை நம்பி எந்த ஊரில் யார் என்ன செய்துகொண்டிருக்கிறாரோ. நாலு பேர் முன்னாடி சொன்னத நாலு பேர் முன்னாடிதான் இல்லனு சொல்லணும் என்கிறார் அப்பா. வேலை போனால் போகட்டும் என்று சுலபமாகச் சொல்லவில்லை. போனால் இங்கே வா, உன் கட்டில் அப்படியே இருக்கிறது. இனிமேல் எலியை விட்டுவிட்டு, எலியைப் பார்க்கிறவர்கள் எப்படித் தப்பை நம்பிவிடுகிறார்கள் என்று ஆராயப் போவதாகவும் எழுதியிருக்கிறாய். அதற்கெல்லாம் சம்பளம் கொடுப்பார்களா என்று அப்பா கேட்கச் சொன்னார். எனக்கு அது நல்ல வேலையாகத்தான் படுகிறது, வேண்டுமானால் என்னிடமிருந்தே ஆரம்பி.

வேளைக்குச் சாப்பிடு. தலைக்கு எண்ணெய் வை, வீட்டில் ஒருத்திக்காவது முடி இருக்கட்டும். அண்ணாமலையாரும் உண்ணாமுலை அம்மனும் உன் கூடவே இருப்பார்கள். தப்பு என்று நீ எழுதுவது அச்சில் வந்ததும் மறக்காமல் ஒரு காப்பி அனுப்பு. அதற்கும் வேண்டிக்கொண்டிருக்கிறேன். இந்தத் தடவையும் முழு மொட்டைதான்.

இப்படிக்கு
உன் அம்மா
உண்ணாமலை