தணிகாசலம் சார் வண்டி

ஜூலை 3, வியாழன்

காலையிலிருந்தே வெயில் ஜாஸ்தி. டயாலிசிஸ் முடிந்து தணிகாசலம் சாரைக் கீழ்பென்னாத்தூர் வீட்டில் இறக்கிவிட்டுத் திரும்பும்போது அவர் வண்டி இழுக்கவில்லை. மூன்றாவது கியரில் முப்பதுக்கு மேல் ஏறவே மறுப்பு. எஞ்சினில் ஒரு தட்டல். வேங்கிக்கால் வீட்டுக்கு எப்படியோ வந்து சேர்ந்தேன்.

மாலை ஆயிலை வடித்துப் பழைய வேட்டித் துணியில் வடிகட்டினேன். துணி முழுக்க மினுமினுப்பு. காந்தம் வைத்தால் ஒட்டுகிறது. இரும்புத் தூள்.

என் மனைவி எட்டிப் பார்த்து, "ஜிகினா மாதிரி இருக்கே" என்றாள். பிறகு, "அந்தக் கையோட பிரிட்ஜைத் தொடாதீங்க."

சாருக்கு டயாலிசிஸ் திங்களும் வியாழனும். நடுவில் மூன்று நாள்தான்.

ஜூலை 4, வெள்ளி

கயிறு கட்டி இழுத்துப்போய் சலீம் பாய் பட்டறையில் விட்டாயிற்று. பின்பக்கம் எஞ்சின் வைத்த இந்த ஜெர்மன் கார், தண்ணீர் இல்லாமல் காற்றிலேயே குளிரும் ரகம். ஊரில் இதைத் தொடுபவர் அவர் ஒருவர்தான்.

மூடியைக் கழற்றி, புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் வால்வு ஒவ்வொன்றும் எவ்வளவு திறக்கிறது என்று அளந்தோம்.

சிலிண்டர் 2, 4 – எட்டரை மி.மீ., சரியான அளவு.
1, 3 – ஐந்தரை.

"கேம்ல மேடு தேஞ்சிருச்சு சார்" என்றார் பாய். "எவ்ளோ நாளா தட்டுது?"

"நேத்துதான்."

"நேத்து வந்த நோவு இல்ல சார் இது. ஒரு வருஷ வேலை."

ரிடையரானாலும் வகுப்பில் சொல்வதுபோலவே எழுதிவைக்கிறேன், எனக்கே புரியட்டும். கேம் என்பது சுழலும் தண்டு, அதில் முட்டை வடிவ மேடுகள். மேடு டேப்பட் என்ற குமிழைத் தள்ளும், டேப்பட் கம்பியைத் தள்ளும், கம்பி சீசாப் பலகை போன்ற ஒரு கையின் ஒரு முனையைத் தூக்கும், மறுமுனை வால்வைத் திறக்கும். இந்த எஞ்சினில் ஒன்றாம் சிலிண்டருக்கும் எதிரில் உள்ள மூன்றாம் சிலிண்டருக்கும் எக்ஸாஸ்ட் மேடு ஒன்றே.

வீட்டுக்கு வந்து என் நோட்டைப் புரட்டினேன். மாதம் ஒருமுறை டேப்பட் இடைவெளி, அதாவது அந்தக் கைக்கும் வால்வுக்கும் நடுவில் உள்ள சந்து, பார்த்து எழுதியது. அங்குலத்தில் ஆயிரத்தில் ஆறு இருக்க வேண்டும். ஒவ்வொரு மாதமும் 1 – எட்டு, 3 – எட்டு. அல்லது 1 – எட்டு, 3 – ஒன்பது. திருகி ஆறாக்கியிருக்கிறேன். பக்கத்தில் சிவப்பு மையில் டிக். பதினான்கு டிக்.

பக்கத்துப் பக்கத்து பெஞ்சில் இருவர் ஒரே தவறான விடை எழுதினால் எங்கிருந்து வந்தது என்று எட்டாம் வகுப்பில் விசாரித்தவன் நான். இங்கே பதினான்கு மாதம் விடையைத் திருத்தி மார்க் போட்டிருக்கிறேன்.

முதலிலேயே பிரித்திருந்தால் ஒரு தண்டும் எட்டு டேப்பட்டும் மாற்றுவதோடு போயிருக்கும். இப்போது அந்தத் தூள் ஆயிலோடு எஞ்சின் முழுக்கச் சுற்றியிருக்கிறது. 

ஜூலை 7, திங்கள்

விடிகாலை ஐந்து மணி பஸ்ஸில் கீழ்பென்னாத்தூர். அங்கிருந்து ஆட்டோவில் தணிகாசலம் சாரை ஆஸ்பத்திரிக்கு. வழியெல்லாம் கண்ணை மூடி இருந்தார். மூடாவிட்டாலும் பார்வை இல்லைதான். சர்க்கரையில் போய் மூன்று வருடம். அப்போதுதான் தன் வண்டிச் சாவியை என்னிடம் கொடுத்தார், ஓட்டிக்கிட்டே இருங்க சார் என்று.

திரும்பும்போது, "இதோட நிறுத்திக்கறேன் சார்" என்றார்.

"என்னத்தை?"

"இந்தப் போக்குவரத்தை. நாலு மணி நேரம் படுக்க வெச்சு ரத்தத்தைச் சுத்தறாங்க. போறப்ப அரை மணி, வர்றப்ப அரை மணி நம்ம வண்டியில. அந்த ஒரு மணி நேரம் நான் நோயாளி இல்ல. அதுக்காகத்தான் மீதியைப் பொறுத்துக்கிட்டேன்."

அவருடைய மருமகள் இந்திரா வாசலில் என் பின்னாலேயே வந்தாள். "போன வருஷமும் இப்படித்தான் சார் மாட்டேன்னாரு. நீங்க வண்டியோட வந்து நின்னீங்க, ஏறிட்டாரு. சீக்கிரம் ரெடி பண்ணுங்க சார்."

பாயிடமிருந்து போன். சென்னையில் பழைய ஸ்டாக்கில் கேம் தண்டு ஒன்று இருக்கிறதாம். டேப்பட் எங்கும் இல்லை. பழையதையே வேலூரில் முகத்தைத் தேய்த்துச் சமப்படுத்தி வாங்கலாம். சரி என்றேன். வேறு என்ன சொல்ல.

கியாஸ் புக் பண்ண மறந்துவிட்டேன்.

ஜூலை 10, வியாழன்

பௌர்ணமி. கிரிவலக் கூட்டம், சாலையெல்லாம் மாற்றிவிட்டிருந்தார்கள். ஊருக்கு வெளியே நடந்துபோய் பஸ் பிடித்தேன். போயும் பயனில்லை. கட்டிலை விட்டு எழவே மாட்டேன் என்றுவிட்டார். கால் வீங்க ஆரம்பித்திருக்கிறது.

உண்மையைச் சொல்லிவிட்டேன். "வண்டி கெட்டதுக்கு நான்தான் சார் காரணம். தேஞ்சுக்கிட்டே வந்திருக்கு, கவனிக்கல."

போர்வையைக் கால்மேல் இழுத்துவிட்டுக்கொண்டார். பிறகு, "போன வருஷம் ஆடி மாசமே சத்தம் மாறிடுச்சு சார்" என்றார்.

"என்ன சத்தம்?"

"ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி ஒரு தட்டல். நீங்க டேப்பட் செட் பண்ணிட்டு வர்ற அன்னைக்கு இருக்காது. ரெண்டு வாரத்துல திரும்ப வந்துடும்."

"ஏன் சார் சொல்லல?"

"நீங்க சயின்ஸ் வாத்தியார். நான் டிராயிங் மாஸ்டர். உங்களுக்குத் தெரியாததையா சொல்லப்போறோம்னு இருந்துட்டேன்."

பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன். ஆசிரியர் அறையில் கணக்கும் அறிவியலும் மின்விசிறிக்குக் கீழே. டிராயிங், தையல், பி.டி. எல்லாம் வாசல் ஓரம். இருபத்தாறு வருடம் அவர் வாசல் ஓரம் உட்கார்ந்தார். இங்கே வாங்க என்று ஒருநாளும் சொன்னதில்லை. கை தூக்காத பிள்ளையைத்தான் கேட்க வேண்டும் என்று பயிற்சிக்கு வரும் ஆசிரியர்களுக்கு எத்தனை முறை பாடம் எடுத்திருப்பேன். பக்கத்து சீட்டில் ஒரு வருடம், வாரம் இரண்டு நாள். ஒருமுறை கேட்டிருக்கலாம், சத்தம் எப்படி இருக்கு சார் என்று.

ஜூலை 13, ஞாயிறு

மூன்று நாளாகப் பட்டறையே கதி. எஞ்சினின் இரண்டு பாதியையும் சேர்த்தாகிவிட்டது. புதுக் கேம் தண்டு போட்டால் முதல் இருபது நிமிடம் மெதுவாக ஓடவிடக் கூடாது, வேகமாகவே ஓட வேண்டும். மேடும் டேப்பட்டும் ஒன்றுக்கொன்று பழகும் நேரம் அது. பதினோரு மணிக்கு ஸ்டார்ட். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

பன்னிரண்டாவது நிமிடம் தட்டல் வந்துவிட்டது.

பாய் திருப்புளியை எஞ்சினில் ஊன்றிக் காதை வைத்துக் கேட்டார். அணைத்தார். துண்டால் முகத்தைத் துடைத்தார்.

"டேப்பட் ஏறி இறங்கற ஓட்டையே தளர்ந்துருக்கு சார். தூள் தின்னுட்டுது. எஞ்சினோட வெளிக்கூடு, கேஸே மாத்தணும், வெளிநாட்டுலருந்துதான் வரணும். நாலஞ்சு மாசம்."

"இப்படியே ஓட்டினா?"

"ஒரு மாசம் ஓடும். நாளைக்கே நின்னாலும் நிக்கும். ஓட்டாம வெச்சா உள்ள இருக்கறது மிஞ்சும். ஓட்டினா ஒண்ணும் மிஞ்சாது. சொல்லிட்டேன்."

இந்திரா போன். ராத்திரி படுக்க முடியவில்லையாம், உட்கார்ந்தபடியே இருக்கிறார். மூச்சு வாங்குகிறது. ஆம்புலன்சுக்குச் சொல்லவா என்றதற்கு இந்திராவின் கையைத் தட்டிவிட்டாராம்.

இவள் வைத்த ரசம் அப்படியே இருக்கிறது. வண்டியைப் பட்டறையிலிருந்து நானே ஓட்டி வந்துவிட்டேன், காலையில் வண்டியோடு வருவதாக இந்திராவிடம் சொல்லியாயிற்று.

ஜூலை 14, திங்கள்

ஐந்தரைக்குக் கீழ்பென்னாத்தூர். தெருமுனையில் திரும்பும்போதே அவர் வாசலில் நின்றார், இந்திராவின் தோளைப் பிடித்து. தலை சாய்ந்திருந்தது. கேட்டுக்கொண்டிருந்தார்.

"சத்தம் போகல சார்."

"போகல. ஏறுங்க."

"இப்படி ஓட்டினா மொத்தமா போயிடும்."

"போகட்டும்."

"நான் சொல்லிட்டேன். அப்புறம் ஏன் சொல்லலன்னு கேக்கக் கூடாது."

"கேட்டாச்சு சார். ஏறுங்க."

இந்திரா வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிக்கொண்டாள். அவர் முன்கதவைத் தடவித் திறந்து உட்கார்ந்தார். செருப்பு போடமுடியாத அளவு கால் வீக்கம்.

சோமாசிபாடி தாண்டியதும் தட்டல் கூடியது. முன்பு இந்த இடத்தில் கியர் எது என்று எனக்கு முன்னால் சொல்வார். இன்று சொல்லவில்லை. கையைக் கதவில் வைத்தபடியே வந்தார். 

டயாலிசிஸ் வார்டுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். தண்ணீர் நிறையச் சேர்ந்துவிட்டது, இன்று ஐந்து மணி நேரம் என்கிறார்கள். வண்டி வெளியே நிற்கிறது, அடியில் ஆயில் சொட்டுகிறது. திரும்பிப் போக ஸ்டார்ட் ஆகுமா, தெரியவில்லை.

உள்ளே கூட்டிப்போகும்போது நர்சை நிற்கச் சொல்லி என் பக்கம் திரும்பினார்.

"வியாழக்கிழமை எத்தனை மணிக்கு சார்?"

ஐந்தரை என்றேன்.