அஞ்சலை காலில் வைத்த மீன்தோல்

என்னங்க,

நல்ல சேதியை முதல்ல சொல்லிடறேன். பெரியவன் மகன் ஆலத்தியூர் சிமெண்ட் ஆலையில இன்ஜினியரா சேந்துட்டான். நீங்க சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுன அதே ரோட்டுல காருல போறான். சின்னவனோட மூத்த மக பெரம்பலூர்ல டீச்சர். அவன் பையன் கபடியில வாங்குன கப்பு டிவி பக்கத்துல நிக்குது. நம்ம பேத்தி அபிராமி திருச்சியில ஆராய்ச்சி பண்றா. அஞ்சாவது படிச்ச நான்தான் அவ வேலையை ஊருக்கெல்லாம் விளக்குறேன், நீங்களும் கேளுங்க.

மீன் தோலைச் சுத்தம் பண்ணி, சூடு காட்டாம, அதுலேருந்து கொலாஜன்னு ஒரு சத்தைப் பிரிக்கறாங்க. நம்ம தோலுக்குக் கெட்டி குடுக்கறதும் அதுதானாம். அதை உறைய வெச்சு ஈரத்தை எடுத்துட்டா, வெள்ளைப் பஞ்சு மாதிரி ஒரு தாள். ஆறாத புண்ணு மேல வெச்சா, பந்தல்ல அவரைக்கொடி ஏறுற மாதிரி புதுத்தோலு அதைப் பிடிச்சு வளருமாம். அப்புறம் பந்தல் தானா கரைஞ்சிடுமாம்.

"ஏண்டி உனக்கு இந்த வேலை மேல இம்புட்டு ஆசை?"ன்னு கேட்டேன். "தாத்தா கால்கட்டைப் பிரிக்கறப்ப பக்கத்துல நின்னவ நான்தானே"ன்னா.

இப்ப உங்க தங்கச்சி அஞ்சலைக்கும் அதே சக்கரைப் புண்ணு, அதே குதிகால்ல. "காலை எடுக்க வேண்டி வரலாம்"னு திருச்சி ஆஸ்பத்திரி டாக்டர் சொன்னாரு. உங்களுக்குச் சொன்ன அதே வார்த்தை. அதுக்கு முன்னாடி இந்தத் தாளை வெச்சுப் பாக்கலாம்னாரு.

"மருந்துன்னு மட்டும் சொல்லுங்க, மீனுன்னு சொல்லாதீங்க"ன்னு வூட்டுல எல்லாரும் சொன்னாங்க. புரட்டாசி ஆச்சே! கல்லங்குறிச்சிப் பெருமாளுக்கு விரதம் இருக்கறவ, மீன் ஆக்குன சட்டியைக்கூடத் தொடமாட்டா. அபி கேக்கல. நேரா போயி, "சின்ன அப்பத்தா, இது மீன் தோல்ல செஞ்சது"ன்னுட்டா.

அஞ்சலை காலை வெடுக்குனு இழுத்துக்கிட்டா. "புரட்டாசி கழியட்டும்."

"புண்ணு காத்துக்கிட்டு இருக்குமா? பெருமாளே மீனா வந்தவருதானே?"ன்னேன்.

"வந்தாரு அண்ணி. தோலை உரிச்சா குடுத்துட்டுப் போனாரு?"

நர்சம்மாகூட சிரிச்சுட்டாங்க. அபி சிரிக்கல. "வேணாம்னா விட்டுடலாம். உங்களை ஏமாத்தி வெக்கமாட்டேன்"னு சொல்லிட்டு வெளிய போயிட்டா.

மறுநாள் அஞ்சலையே என்னைக் கூப்பிட்டா. "அண்ணன் இருந்தா என்ன சொல்லியிருப்பாரு அண்ணி?" நீங்க கனவுலயாச்சும் வந்து சொல்லியிருக்கக் கூடாதா? அப்புறம் அவளே, "மறைக்காம சொன்னா பாரு அந்தப் புள்ள. வெக்கச் சொல்லு. சனிக்கிழமை நான் கோயிலுக்குள்ள போகல. வாசல்ல நின்னே கும்புட்டுக்கறேன்"னா.

வெச்சு, கட்டுப் போட்டு வூட்டுக்கு அனுப்பிட்டாங்க. காலைத் தரையில ஊனவே கூடாதாம். இவளோ வழக்கம்போல வெறுங்காலோட கல்லங்குறிச்சிக்கு நடப்பேன்னு ஒத்தக்கால்ல நிக்கறா. தாள் புடிச்சிருக்கா, உள்ள சீழ் கட்டுதா? செவ்வாக்கிழமை திருச்சிக்குப் போயி கட்டுப் பிரிச்சாத்தான் தெரியும். "வலிக்குதான்னு கேளுங்க, காய்ச்சல் இருக்கா பாருங்க"ன்னு அபி போன் மேல போன் போடறா. எனக்குச் சோறு இறங்கல. அது புடிக்கலன்னா அஞ்சலை காலு போகும். இந்தப் புள்ள தாங்குமா?

உங்க மேல சத்தியம். சனிக்கிழமை அவளைக் கட்டிலை விட்டு இறங்க விடமாட்டேன். அவ வேண்டுதலை நான் நடக்கறேன். என் காலு நல்லாத்தானே இருக்கு.

உங்க கடைசிப் படத்துல கால்கட்டு தெரியுதுன்னு, நெஞ்சு வரைக்கும் வெட்டித்தான் மாட்டியிருக்கோம். அபிகிட்ட இப்பவே சொல்லிட்டேன். "புண்ணு ஆறினதும் அஞ்சலையை நிக்க வெச்சு ஒரு படம் எடுடி. போன்ல வேணாம், கழுவி தபால்ல போடு"ன்னு. உங்க பக்கத்துலயே மாட்டணும். ரெண்டு பாதமும் தெரியணும்.

அஞ்சலைக்கு அண்ணி, அபிக்கு அப்பத்தா,
என்னைக்கும் உங்க வூட்டுக்காரி.