ஜப்பான் தோசையும் அம்மாவின் கல்லும்

ஏப்ரல் 22, செவ்வாய்

அப்பா இன்று கப்பலிலிருந்து பேசினார். குரல் விட்டு விட்டுத்தான் வந்தது. ஹிரோஷிமா பக்கத்தில் ஏதோ ஒரு துறைமுகத்தில் சரக்கு இறக்க நின்றார்களாம். இறங்கிப் போய் ஒரு கடையில் சாப்பிட்டாராம். போட்டோவும் அனுப்பியிருக்கிறார். கறுத்த இரும்புத் தகட்டின் மேல் வட்டமாக ஒரு குன்று. அடியில் மெல்லிய மாவு, அதன்மேல் குவியலாகக் கோஸ், அப்புறம் நூடுல்ஸ், முட்டை, எல்லாவற்றுக்கும் மேலே பழுப்பு நிறத்தில் சாஸ் பளபளக்கிறது.

"அடுக்கடுக்கா வெச்சு அப்டியே பொரட்டிப் போட்றான் ஷைனி. இன்னா டேஸ்ட்டு தெரியுமா," என்றார்.

அப்பா சாப்பாட்டைப் பற்றி இவ்வளவு பேசி நான் கேட்டதே இல்லை. அம்மாவும் கேட்டதில்லை போலிருக்கிறது. போனை வைத்ததும், "நானும் இத்தினி வருசமா தோச சுட்டுகினுதான் கீறேன். ஒரு நாளாவது வாயத் தொறந்திருப்பாரா உங்கப்பா?" என்று சொல்லிவிட்டு உளுந்தைக் கழுவப் போனாள்.

மே 10 அன்று அப்பா ஊருக்கு வருகிறார். அதற்குள் இதைச் செய்யக் கற்றுவிட வேண்டும். பத்தாம் வகுப்புப் பரீட்சையே எழுதி முடித்தாயிற்று, ஒரு தோசையா பெரிது?

ஏப்ரல் 24, வியாழன்

அதன் பெயர் ஒகோனோமியாகி. நூலகத்தில் ஜப்பானைப் பற்றிய ஒரு பழைய பயணப் புத்தகத்தில் அரைப் பக்கம் இருந்தது. மீதியை வீடியோவில் பார்த்தேன். உலர்ந்த மீன் தூள் தூவ வேண்டுமாம். நம் வீட்டில் சென்னாகூனி இருக்கிறது. குட்டி இறால்தான், காய்ந்தது. அதை வறுத்துப் பொடித்தேன். நூடுல்ஸுக்கு என்னோடு படிக்கிற கார்குழலியிடம் சொன்னேன். அவள் பீச் ஸ்டேஷன் பக்கத்தில் பர்மாக்காரர்களின் அத்தோ நூடுல்ஸ் விற்கிற கடையில் ஆரஞ்சு நிற நூடுல்ஸ் வாங்கி வந்தாள். பன்றி இறைச்சியும் வைப்பார்கள் என்று அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். பக்கத்து வீட்டு ஷம்ஷாத் அக்காவின் பிள்ளைகளுக்குத் தினமும் இந்த வீட்டிலிருந்துதான் தோசை போகிறது, அதெல்லாம் இங்கே ஏறக் கூடாது என்று ஒரே பேச்சில் முடித்துவிட்டாள். அதுவும் சரிதான்.

சின்ன நான்ஸ்டிக்கில் செய்து பார்த்தேன். கோஸ் சீக்கிரம் வேகட்டும் என்று தண்ணீர் தெளித்து, ஆப்பத்துக்கு மூடுவதுபோல மூடி வைத்தேன். திறந்தால் கஞ்சி. புரட்டியபோது பாதி அடுப்புமேடையில் விழுந்தது. கார்குழலி சிரித்துக்கொண்டே அதையும் தின்றாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஏப்ரல் 26, சனி

தப்பு என்னவென்று இன்று கண்டுபிடித்தேன். போட்டோவில் இருப்பது கனத்த இரும்புத் தகடு. அதே மாதிரி ஒன்று எங்கள் வீட்டிலேயே இருக்கிறது! அம்மாவின் கடைக் கல். கப்பல் வேலைக்குப் போகும் முன் அப்பா ஒரு பட்டறையில் பழைய கப்பல் தகட்டில் வட்டமாக வெட்டி வாங்கி வந்தது. கல்மண்டபம் பக்கத்தில் காலையில் அம்மா சுடுகிற தோசை எல்லாம் அதில்தான்.

சாயங்காலம் அம்மா மாதா கோயிலுக்குப் போயிருந்தாள். கல்லை ஏற்றினேன். கோஸ் சரியாமல் நின்றது. அப்புறம் சாஸ். வெல்லமும் சோயா சாஸும் தக்காளி சாஸும் சேர்த்துக் காய்ச்சியது. வீடியோவில் அதைத் தகட்டிலேயே ஊற்றிப் புகைய விடுகிறார்களே என்று நானும் ஊற்றினேன்.

தார் ரோடு மாதிரி பிடித்துக்கொண்டது. அடுக்கு ஒரு பக்கமும் எழும்பவில்லை. எல்லாவற்றையும் சுரண்டிக் குப்பையில் போட்டேன். பிறகு கம்பி நாரும் சோப்புப் பவுடரும் வைத்துத் தேய்த்தேன், கை எரியும் வரை. கறுப்பெல்லாம் போய்ச் சாம்பல் நிறத்தில் மின்னுகிறது. இதற்குள் இப்படி ஓர் இரும்பு இருந்ததா! வெளியே சுவரில் சாய்த்து வைத்திருக்கிறேன்.

ஏப்ரல் 27, ஞாயிறு

பூசை. கடை லீவு. அம்மா இன்னும் கல்லைப் பார்க்கவில்லை. பார்த்தால் சந்தோஷப்படுவாள்.

ஏப்ரல் 28, திங்கள்

எப்படி எழுதுவது. கடல் காற்றில் கல் முழுக்கச் செந்துரு. ஈரக் காற்றில் இரும்பு துருப்பிடிக்கும் என்று பரீட்சையில் சமன்பாட்டோடு எழுதிவிட்டு வந்தவள் நான்.

அம்மா கத்துவாள் என்று பார்த்தேன். கத்தவில்லை. துணியால் துடைத்தாள், துடைத்தாள்.

"பதினோரு வருசமா எண்ண குடிச்ச கல்லுடி," என்றாள். அவ்வளவுதான்.

அதையே வண்டியில் ஏற்றிக்கொண்டு போனாள். வேறு கல் ஏது? நானும் கூடப் போனேன். முதல் தோசை ஒட்டியது. இரண்டாவது பிய்ந்தது. அப்புறம் வந்ததெல்லாம் துண்டு துண்டாக. டிரெய்லர் ஓட்டுகிற நீலமேகம் அண்ணன் தட்டைப் பார்த்துவிட்டு, "இன்னாக்கா, தோச கேட்டா உப்புமா குடுக்கிற," என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தாள். அந்தச் சிரிப்பை என்னால் பார்க்க முடியவில்லை.

மாவு பாதி மீந்தது. கடை சீக்கிரமே கட்டியாயிற்று.

ஏப்ரல் 30, புதன்

ஆளுக்கொரு வைத்தியம் சொல்கிறார்கள். வெங்காயத்தை வெட்டித் தேய். உருளைக்கிழங்கு தேய். புளித்தண்ணி ஊற்று. எண்ணெய் தடவி வெயிலில் வை. ஒருவர் சொன்னதை இன்னொருவர் கூடவே கூடாது என்கிறார். அம்மா எல்லாவற்றையும் செய்து பார்த்தாள். நல்லெண்ணெய் தீர்ந்ததுதான் மிச்சம், தோசை பிய்ந்துகொண்டேதான் இருக்கிறது.

புத்தகத்திலும் தேடினேன். எப்படிச் சுத்தம் செய்வது என்றுதான் இருக்கிறது. சுத்தம் செய்ததை எப்படித் திரும்பக் கறுப்பாக்குவது என்று ஒருத்தரும் எழுதவில்லை.

மே 2, வெள்ளி

அம்மா பக்கத்துத் தெருவில் ஒரு கல் கடன் வாங்கினாள். மெல்லிசு. நடுவில் கருகுகிறது, ஓரத்தில் வெள்ளையாய் நிற்கிறது. நீலமேகம் அண்ணன் இப்போது எதிர்க்கடையில் பொங்கல் சாப்பிடுகிறார். எங்களைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பாவம், அவருக்கே கூச்சம்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா பழைய கல்லைத் தூக்கி என் முன்னால் வைத்தாள். "இந்தா. உன் ஜப்பானுக்கே வெச்சுக்கோ."

அதற்கு என்னை அடித்திருக்கலாம்.

மே 3, சனி

சரி. வெச்சுக்கிறேன். நான் செய்யாம யாரு செய்வா?

ஒட்டியது.

மே 5, திங்கள்

ஒட்டியது. சாஸைக் கல் பக்கமே கொண்டுபோவதில்லை, தட்டில்தான் ஊற்றுகிறேன். சோப்பும் இல்லை, துணியால் துடைப்பதோடு சரி. மாவு ஒட்டுகிறதே என்று எண்ணெயை நிறைய விடுகிறேன். சின்னத் தீயில் கோஸ் தானாக அடங்கும்வரை காத்திருக்க வேண்டும், அதற்குள் ஒரு கதைப் புத்தகத்தில் ஓர் அத்தியாயம் முடிந்துவிடுகிறது. இவ்வளவு பொறுமையாக நின்ற பிறகும் புரட்டும்போது கிழிகிறது. கோஸ் ஒரு பக்கம், நூடுல்ஸ் ஒரு பக்கம். இன்றைக்குக் கரண்டியைத் தரையில் வீசினேன். அம்மா அதை எடுத்துக் கழுவி வைத்தாள். கிழிந்ததை நான்தான் மூன்று வேளையும் சாப்பிடுகிறேன். கோஸ் வாசனையே பேஜாராக இருக்கிறது.

மே 6, செவ்வாய்

இன்று முக்கால்வாசி வந்தது. முட்டை மட்டும் கிழிந்தது. கார்குழலியிடம் சொன்னால், "முக்காவாசி பாஸ் மார்க்குதான்டி, வுடு," என்கிறாள். அப்பாவுக்கு முக்கால் தோசை போட முடியுமா?

மே 8, வியாழன்

அப்பா வரவில்லை.

அவருக்குப் பதிலாக ஏற வேண்டிய ஆளுக்கு விசா கிடைக்கவில்லையாம். கப்பல் வேறு பக்கம் போகிறதாம். ஜூலை என்கிறார். "கோச்சுக்காத கண்ணு," என்றார். யார் கோபித்துக்கொண்டது? நான் ஏன் கோபித்துக்கொள்ளப் போகிறேன்? கோஸ் வாங்கியாயிற்று, நூடுல்ஸ் வாங்கியாயிற்று, அம்மா கடை போயிற்று, கல் போயிற்று, எல்லாம் யாருக்காக? ஒரு போட்டோவுக்காக.

வாங்கிய கோஸ் வீணாகப் போகிறதே என்று அடுப்பைப் பற்றவைத்தேன். கோபத்தில் எதையும் அளக்கவில்லை. மாவை ஊற்றி, கூனிப் பொடி தூவி, கோஸைக் குவித்து, நூடுல்ஸை வைத்து, இரண்டு கரண்டியையும் அடியில் கொடுத்து ஒரே புரட்டு. விழுந்தால் விழட்டும் என்றுதான் புரட்டினேன். முழுசாய் வந்து உட்கார்ந்தது. பக்கத்தில் முட்டையை உடைத்து ஊற்றி, அடுக்கை அப்படியே அதன்மேல் தள்ளினேன். வழுக்கிக்கொண்டு போனது.

அம்மா பின்னால் நின்றுகொண்டிருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. "போடு," என்று தட்டை நீட்டினாள். உட்கார்ந்து மெதுவாகத் தின்றாள். முழுவதையும். எனக்கு ஒரு வாய்கூட வைக்கவில்லை.

"கோசு இன்னும் கொஞ்சம் வேவணும்," என்றாள்.

பிறகு எழுந்துபோய், ஆறிப்போய் மறுபடி கறுக்கத் தொடங்கியிருந்த கல்லின் நடுவில் விரலை வைத்து ஓரம்வரை இழுத்தாள். விரலைப் பார்த்தாள். மறுபடி இழுத்தாள்.

மே 9, வெள்ளி

எழுந்தபோது மூலையில் கல் இல்லை. கடன் வாங்கின கல்தான் அங்கே சாய்ந்திருந்தது. முகம்கூடக் கழுவாமல் கல்மண்டபத்துக்கு ஓடினேன்.

முதல் தோசை ஓரத்தில் கொஞ்சம் பிடித்ததாம். நான் போனபோது அம்மா அடுத்ததை ஊற்றிக்கொண்டிருந்தாள். சுற்றி எண்ணெய் விட்டு, கரண்டியைக் கொடுத்து, மடித்து, தட்டில் போட்டாள். எந்த இடத்திலும் பிய்யவில்லை. நீலமேகம் அண்ணன் எதிர்க்கடையிலிருந்து சும்மா வருவதுபோல் வந்து ஒன்றை வாங்கி முகர்ந்து பார்த்தார்.

"இன்னாக்கா, தோசைல கூனி வாசன வருது?"

"அது ஜப்பான் வாசன. துன்ட்டு வண்டிய எடு," என்றாள் அம்மா.

அவர் இன்னொன்று கேட்டார்.

நான் நேற்றே அந்த அடுக்கை ஒரு போட்டோ எடுத்து வைத்திருந்தேன். அப்பாவுக்கு அனுப்பட்டுமா என்று கேட்டேன். அம்மா கல்லிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"போட்டோலாம் வேணாம். வந்து துன்னட்டும்."

அனுப்பவில்லை.